ஃபிராஜிக்கு ஊதாத கொம்பு

எங்கள் யூதப் புத்தாண்டின் முதல் நாள். ஊரே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டது. மக்லூஃப் மட்டும் கக்கத்தில் ஆட்டுக்கிடாக் கொம்பை இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கொம்பொலி கேட்டாக வேண்டும் என்பது கட்டளை. காலையில் ஜெபஆலயத்தில் நூறு முறை ஊதியாயிற்று. அதற்குப் பிறகு எட்டு வீடு, வீட்டுக்கு முப்பது முறை. எழுந்து வரமுடியாத நோயாளிகளும் கிழங்களும் இருக்கிற வீடுகள். கீழுதடு வெடித்து உப்புக் கரித்தது.

அறுபத்திரண்டு வயது. ஜெர்பாத் தீவின் எங்கள் யூதத் தெருமுனையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று, முட்டையை மாவில் மடித்து 'பிரிக்' பொரித்து விற்கிற மனிதர். வருஷம் முழுக்க விழுங்கிய அந்தப் புகையெல்லாம் இன்றைக்குத்தான் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேறு ஆள் இல்லையா என்று கேட்கலாம். ஊதத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். கிழக்குப் பக்கத்து வீடுகள் இருபத்தாறு வருஷமாக மக்லூஃப் பொறுப்பு. அவருடைய கடமை காலையிலேயே முடிந்துவிட்டதுதான். ஆனால் எங்கள் சட்டம் லேசில் விடாது. கொம்பொலி கேட்காதவன் ஒருவன் மிச்சம் இருக்கிறவரை, கேட்டு முடித்தவனும் முடித்தவன் இல்லை. ஒருவனுக்கு ஒருவன் ஜாமீன். அந்த ஜாமீன் இருப்பதால்தான் முடித்தவன் இன்னொருவனுக்காக மறுபடி ஊத முடிகிறது. ஒரு நிபந்தனை உண்டு. ஊதுகிறவன் யாருக்காக ஊதுகிறானோ அவனை மனத்தில் நினைக்க வேண்டும். நினைக்காமல் ஊதினால் அது வெறும் சத்தம்.

ஒன்பதாவது, கஸாலா வீடு. பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகிறது.

"வாங்க மாமா. என்ன இப்படி வெளுத்துப்போயிருக்கீங்க? ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு ஊதுங்க."

"குடிச்சா உக்காருவேன்மா. உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்."

அதே முற்றத்தில் எதிர் அறை ஃபிராஜியுடையது. இடுப்பெலும்பு முறிந்து நாற்பது நாளாகப் படுக்கை. அவனுக்கும் மக்லூஃப்தான் ஊதுவார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. மக்லூஃபின் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவன் செய்த காரியமா அது? ஏழு வருஷத்துக்கு முன்னால் மக்லூஃபின் மகள் வரீதாவுக்கு நிச்சயமான வாரம், மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "பொண்ணுக்கு வலிப்பு இருக்கே, விசாரிச்சீங்களா?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்தான் பாவி. வலிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நிச்சயம் முறிந்தது. அப்புறம் ஒருத்தரும் பெண் கேட்டு வரவில்லை. வரீதா கடல் தாண்டி மார்செய் பட்டணத்துக்குப் போனாள். அங்கே தைத்துப் பிழைக்கிறாள், தனியாக.

மக்லூஃப் கொம்பை உதட்டுக்குக் கொண்டுபோனார். அப்போது எதிர் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பெண்ணுக்காக ஊதும்போது எங்களில் ஆசி வாசகம் சொல்வதில்லை. ஆணுக்கு உண்டு, ஊதுவதற்கு முன்னால் கேட்கிறவனே சொல்வான். ஃபிராஜி படுத்தபடியே, ஆண்டவன் பெயரைச் சொல்லி, கொம்பொலி கேட்கக் கட்டளையிட்டவனைப் போற்றிச் சத்தமாக முடித்தான். மக்லூஃப் தனக்காகவும் ஊதப்போகிறார் என்று நம்பித்தான் சொன்னான்.

மக்லூஃப் மனத்துக்குள் பல்லைக் கடித்தார். கஸாலாவுக்கு மட்டும். அவனுக்கு இல்லை. முப்பதையும் ஊதி முடித்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் மனைவி மீஸா மாதுளம்பழமும் ஆட்டுத்தலைக் கறியும் எடுத்துவைத்தாள். அவர் கட்டிலில் சாய்ந்து, வெயில் இறங்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு வாய்கூட வைக்கலையே?"

"ஃபிராஜியை விட்டுட்டேன் மீஸா. அவன் ஆசி சொன்னான். நான் வேணும்னே மனசுல அவனை ஒதுக்கிட்டு ஊதினேன்."

"நல்லா பண்ணீங்க. இப்ப சாப்பிடுங்க."

"ஆண்டவன் பேரை அவன் வாய் வீணா சொல்லிடுச்சு. சொல்ல வச்சவன் நான். கேட்டாச்சுன்னு நம்பிக்கிட்டுப் படுத்திருக்கான், இனி வேற யாரையும் கூப்பிட மாட்டான். பொழுது சாய இன்னும் முக்கால் மணிதான் இருக்கு."

மீஸா தட்டைக் கீழே வைத்தாள்.

"ஜாமீன், ஜாமீன்னு சொல்றீங்களே. என் பொண்ணு மூணு மாசம் தலைகாணியைக் கடிச்சுக்கிட்டு அழுதாளே, எவன் வந்தான் ஜாமீனுக்கு?"

அது நியாயமான கேள்வி என்பதுதான் அவரைக் கொன்றது. கால் வலித்தது, நெஞ்சு வலித்தது. போகாமல் இருக்க நூறு காரணம் இருந்தது. கண்ணை மூடினால் போதும், பொழுது தானாக இறங்கிவிடும், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

கடைசியில் மீஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"செருப்பு கட்டிலுக்கு அடியில இருக்கு."

ஃபிராஜியின் அறையில் மருந்து நாற்றம். மனிதன் பாதியாக இளைத்திருந்தான்.

"என்னடா, ஊதினது பத்தலையா? கேட்டேனே!"

"உனக்குன்னு ஊதலை. உன்னை விட்டுட்டுத்தான் ஊதினேன்."

ஃபிராஜி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் தலையணையில் விழுந்தான்.

"அப்ப நான் சொன்ன ஆசி?"

"வீணாப் போச்சு. அந்தப் பாவம் எனக்கும் சேர்த்துத்தான். மறுபடி சொல்லு, வெளிச்சம் போகுது."

"நீ மனசார வரலைடா."

"இல்லைதான். ஆனா வந்துட்டேன்ல? சொல்லு."

ஃபிராஜி சொன்னான். மக்லூஃப், "ஃபிராஜிக்காக" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு ஊத ஆரம்பித்தார். மனத்தை நம்ப அவருக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டாவதில் மூச்சு அறுந்தது. இருபதாவதில் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ரத்தத்தைத் துடைத்து, மறுபடி ஊதினார். முப்பதாவது நீண்ட ஊதல் முடிந்தபோது முற்றத்துச் சுவரின் உச்சியில் ஒரு கோடு வெயில் மிச்சம் இருந்தது.

மக்லூஃப் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மக்லூஃப்... உன் பொண்ணைப் பத்தி நான் சொன்னது பொய். அந்த மாப்பிள்ளையை என் மருமகளுக்குப் பார்த்துக்கிட்டிருந்தேன், என் அக்கா பொண்ணுக்கு. என்னை மன்னிச்சுடுடா."

"என்கிட்ட எதுக்குக் கேக்கறே? உனக்காக நான் ஊத முடியும். அவளுக்காக நான் மன்னிக்க முடியாது. பாவநிவாரண நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அதுக்குள்ள அவளுக்கு எழுதி மன்னிப்புக் கேளு."

"விலாசம் குடு."

திருநாளில் பேனாவைத் தொடக்கூடாது. நாளையும் திருநாள்தான்.

"மனசுல போட்டுக்கோ. பழைய சந்தைத் தெரு, பதினேழாம் நம்பர், நாலாவது மாடி."

"பழைய சந்தைத் தெரு, பதினேழு, மூணாவது மாடி."

"நாலாவதுடா! அவ்வளவு படியும் தினம் ஏறி இறங்கறா அவ."

ஃபிராஜி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கும் வருவியா?"

"வராம? நாளைக்கு முதல் வீடு உன்னோடதுதான். கடைசில வர என்னால ஆகாது."

மக்லூஃப் சுவரைப் பிடித்து எழுந்தார். முற்றத்தைத் தாண்டும்போது ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கேட்டது. பதினேழு, நாலாவது மாடி. பதினேழு, நாலாவது மாடி. அவர் தெருவாசலில் நின்று, அது பிசகாமல் வருகிறதா என்று மூன்று முறை கேட்டுவிட்டு நடந்தார்.