பரீட்சை முடியட்டும்

கம்சலாவை அந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் டீச்சர்தான். இத்தனைக்கும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்கிற வேலை. பால்மா கரைப்பாள், மூக்குத் துடைப்பாள், ஒன்று அழுதால் சேர்ந்து அழும் மற்ற ஒன்பதையும் சமாதானப்படுத்துவாள். நாலரை மணிக்கு அது முடிந்தால், கோவில் மண்டபத்தில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் பாய் விரித்துக் காத்திருப்பார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. தானாகப் போய்த் தலையைக் கொடுத்துக்கொண்டாள்.

ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். காரணம் லயத்துக்கே தெரியும். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். புவியியல் பேப்பருக்கு முதல்நாள் மத்தியானம், மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்த அப்பா சுருண்டு விழுந்தார். அவளிடம் யாரும் பக்குவமாகச் சொல்லவில்லை. புத்தகமும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தப்புமேளச் சத்தம்தான் சொன்னது. எழவு விழுந்த சேதியைத் தப்படித்துச் சொல்வது அங்கே வழக்கம். யார் வீட்டுக்கு என்று எட்டிப் பார்த்தாள், தன் வீட்டுக்கு.

மறுநாள் காலையில் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து, "எடுக்கிறது சாயங்காலந்தான், நீ போய் எழுதிட்டு வாம்மா" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். பதுளையில் பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தாளில் தன் பரீட்சைச் சுட்டெண்ணை எழுதினாள். அதற்குக் கீழே ஒரு எழுத்து எழுதவில்லை. அதன்பிறகு அவள் பரீட்சைப் பக்கமே போகவில்லை. ஒரே ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பாவிகள் என்று இன்றுவரை உள்ளுக்குள் புழுங்குவாள்.

வருடக் கடைசிப் பரீட்சை வந்துவிட்டால் கம்சலாவுக்குச் சோறு தண்ணி இறங்காது. பழைய வினாத்தாள்களைச் சேர்த்துவைத்து, கேள்விகளைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுவாள். பெருக்கல் வாய்ப்பாட்டைக் கைதட்டிச் சொல்லவைப்பாள். கட்டுரைக்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. 'என் அம்மா' என்று பத்து வசனம். பதினான்கு பிள்ளைகளுக்கும் ஒரே பத்து வசனம்தான், முதல் வசனத்தில் பேர் மட்டும் மாறும். அதைக் கோரசாகச் சொல்லிச் சொல்லி மண்டபமே அதிரும்.

"என் அம்மா தினமும் அதிகாலையில் எழுந்து எங்களுக்கு உணவு சமைப்பார். என் அம்மா எனக்குத் தலைவாரி விடுவார். மாலையில் எனக்குப் பாடம் சொல்லித் தருவார்."

மூன்றாம் வகுப்பு விதுஷா ஒருநாள் கையைத் தூக்கினாள். எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை.

"டீச்சர், எங்கம்மாதான் இங்க இல்லியே. குவைத்துல இருந்து எப்பிடித் தலவாருவாங்க? அத்த தானே வாருது."

பிள்ளைகள் சிரித்தார்கள். கம்சலாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"பரீட்சைக்கு நெசத்த எழுதத் தேவையில்ல புள்ள. படிச்சத எழுதணும். மார்க்ஸ் அதுக்குத்தான்."

விதுஷா தலையாட்டினாள். அவள் எதற்கும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத்தான் தலையாட்டுவாள்.

அவளுடைய அம்மா தயானி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மகளை நாலாம் வகுப்பில் பதுளை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்க்க வேண்டும் என்பதுதான் ஒரே பிடிவாதம். அங்கே பள்ளி அதிபர், மூன்றாம் தவணைப் பரீட்சை அறிக்கையைக் கொண்டுவாருங்கள், நல்லாயிருந்தால் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் தயானி போனில் வருவாள். "டீச்சர், என் புள்ளய எப்பிடியாவது கரையேத்தி விட்டுருங்க" என்று கம்சலாவிடமும் நாலு வார்த்தை கெஞ்சுவாள். அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. விதுஷா இரண்டு தடவை வந்து கேட்டாள், "டீச்சர், ஒங்க போனுக்காச்சும் அம்மா எடுத்தாங்களா?"

சனிக்கிழமை நாலு மணிக்கு, வகுப்புத் தொடங்குமுன், தகப்பன் ஜெயரூபன் மண்டபத்து வாசலில் வந்து நின்றான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. கம்சலா குடையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்சியில இருந்து கோல் வந்துச்சு டீச்சர்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு அப்படியே தூணோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். தயானி தூக்கத்திலேயே போய்விட்டாளாம். மாரடைப்பாம். முப்பது வயசுப் பொம்பளைக்கு மாரடைப்பாம், கேட்பவன் கேனையனாக இருந்தால் என்னத்தை வேண்டுமானாலும் சொல்வார்கள். உடல் பெட்டியில் வந்துசேர மூன்று கிழமையாவது ஆகும் என்றும் சொன்னார்களாம்.

கம்சலாவும் அவனோடு சேர்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. திங்கள் கணிதம், செவ்வாய் சுற்றாடல், புதன் தமிழ், வியாழன் ஆங்கிலம்.

"விதுஷாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க அண்ணே." அவளே எதிர்பாராத வேகத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கும்புட்டுக் கேக்குறேன். நாலே நாளு. பொட்டி வர மூணு கெழம இருக்கு. பரீட்ச முடியட்டும். இதுக்காகத்தானே அவ போனா. எனக்குச் செஞ்ச மாதிரி அந்தப் புள்ளைக்கும் செஞ்சிராதீங்க."

ஜெயரூபன் நனைந்த சட்டையாலேயே முகத்தைத் துடைத்தான். சரி என்றான். அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த லயம் கட்டிக்காத்தது. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கிற இடம். அங்கே இருபது வீட்டுக்காரர்களும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். தப்படிக்கவில்லை. வெள்ளைக்கொடி கட்டவில்லை. தயானியோடு கொழுந்தெடுத்த பெண்கள் மலைக்குப் போய்த் தேயிலைக்குள் குந்தி அழுதுவிட்டு, பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கம்சலா வாசல் வாசலாகப் போய்க் கேட்டுக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை.

ஒரே ஒருத்தி ஒரே ஒரு விஷயத்தில் மறுத்தாள். ஜெயரூபனின் அக்கா சந்திரகாந்தி. அம்மா குவைத்துக்குப் போனபிறகு விதுஷாவை வளர்க்கிறவள்.

"அழாதன்னு சொல்லு, அழல. பேசாதன்னு சொல்லு, பேசல. ஆனா எழவு விழுந்த வீட்டுல அடுப்பப் பத்தவைக்கச் சொல்லாத டீச்சர். பொட்டி வந்து காரியம் முடியிற வரைக்கும் பத்தவைக்க மாட்டேன். அந்த மனுஷிக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்னுதான்."

"புள்ள கேட்டா?"

"வெறகு நனஞ்சு போச்சுன்னு சொல்றேன். பேயிற மழைக்கு நம்பாமலா போகும்?"

கம்சலாவுக்கும் அது பெரிதாகப் படவில்லை. மழை ஒரு கிழமையாக ஊற்றிக்கொண்டுதான் இருந்தது. அங்கே எழவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் முறைவைத்துச் சோறு கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் காம்பராவிலிருந்து சோறும் பருப்பும் போனது. திங்கட்கிழமை தொங்கலில் இருந்த கடைசி வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும். செவ்வாய்க்கிழமை கம்சலாவே கிழங்குக் கறியும் சோறும் கட்டி எடுத்துப் போனாள்.

விதுஷா படியில் உட்கார்ந்து சுற்றாடல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டு வெறகு எப்பக் காயும்?"

"மழ விட்டதும் காஞ்சிரும் கண்ணு. நாளைக்குத் தமிழ். கட்டுரைய ஒருதரம் சொல்லு பாப்போம்."

விதுஷா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். "என் அம்மாவின் பெயர் தயானி" என்று தொடங்கினாள். ஒரு இடத்தில் திக்கவில்லை, ஒரு வசனம் விடவில்லை. கம்சலா எதிரே நின்று கேட்டாள். தலைவாரி விடுவார் என்ற இடத்தில் குடையை மடக்குவதுபோலக் குனிந்துகொண்டாள். பெற்றவள் ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள், இங்கே நான் இதைச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறேனே, நானெல்லாம் மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டே நாள்.

"நான் வளர்ந்து பெரியவளானதும் என் அம்மாவை நன்றாகக் கவனித்துக்கொள்வேன்" என்று விதுஷா முடித்தாள்.

"கெட்டிக்காரி. அப்பிடியே எழுதணும், என்னா?"

விதுஷா யோசித்துத் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒருதரம்கூடப் போனைப் பற்றிக் கேட்கவில்லை. பரீட்சை மும்முரத்தில் மறந்துபோய்விட்டது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று கம்சலா நினைத்துக்கொண்டாள். குழந்தைகளைத் தினமும் பார்க்கிறவளுக்கு அது உறைக்காமல் போனதுதான் கொடுமை.

புதன்கிழமை போனது. வியாழக்கிழமை ஆங்கிலப் பேப்பர் பதினொரு மணிக்கு முடியும். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்து மடியில் வைத்துச் சொல்லுவது என்று பேசியிருந்தார்கள். சொல்லி முடித்ததும் தப்படிக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். கம்சலா பிள்ளைக்காம்பராவில் ஒரு மணி நேரம் லீவு கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

வகுப்பாசிரியை சுபாஜினி பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். லயத்து விஷயம் அவருக்கு எட்டியிருக்கவில்லை. கம்சலாவைக் கண்டதும் ஆசிரியர் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். கையில் நேற்றைய தமிழ் விடைத்தாள்.

"கம்சலா, நீங்கதானே விதுஷாவுக்குப் படிச்சுக் குடுக்கிறீங்க? பிள்ளை நல்லாத்தான் செய்திருக்கு. கட்டுரைக்குப் பத்துக்குப் பத்துப் போட்டுட்டேன். ஆனா இது என்னன்னு எனக்கு விளங்கல்ல. அந்த வீட்டில என்ன நடந்திச்சு?"

கம்சலா வாங்கிப் பார்த்தாள். பத்து வசனமும் அச்சடித்த மாதிரி இருந்தன. தலைவாரி விடுவார். பாடம் சொல்லித் தருவார். கவனித்துக்கொள்வேன். அதற்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டு, பென்சிலால் சின்ன எழுத்தில் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தது.

"மேலே இருப்பது டீச்சர் சொல்லித் தந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் சோறு வருகிறது. மூன்றாம் காம்பராத் தாத்தா செத்தபோதும் இப்படித்தான் சோறு வந்தது. அத்தை இருக்கிறார். அப்பா இருக்கிறார். அம்மாவிடமிருந்துதான் போன் வரவில்லை. பரீட்சை முடியும் வரை எனக்குத் தெரியக் கூடாது என்று எல்லாரும் கஷ்டப்படுகிறார்கள். அதனால் நான் பரீட்சை முடிந்த பிறகு அழுவேன்."

கம்சலா அதை இரண்டாம் முறையும் வாசித்தாள். தப்பை நிறுத்தினோம், கொடியை நிறுத்தினோம், இருபது வீட்டு அழுகையை நிறுத்தினோம். எல்லாவற்றையும் நிறுத்தி என்ன பிரயோசனம், எட்டு வயசுப் பிள்ளை நாலு நாளாக அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறதே. அன்று எனக்குத் தப்படித்துச் சொன்னார்கள், நான் வாய்விட்டு அழுதேன், கட்டிப்பிடித்துக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள். இவளுக்கு அதைக்கூட நான் விட்டுவைக்கவில்லையே. சுபாஜினி டீச்சர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்குக் காதில் விழவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மணி அடித்து மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவிட்டார்கள். விதுஷா மட்டும் வராந்தாவில், பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, சப்பாத்து நனையாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். இரட்டைப் பின்னல் அத்தை போட்டுவிட்டது, கொஞ்சம் கோணலாக இருந்தது. கம்சலா வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

கம்சலா முன்னால் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

விதுஷாதான் கேட்டாள்.

"டீச்சர், இங்கிலீஷும் எழுதிட்டேன். இனிப் பேப்பர் ஒன்னும் இல்லதானே?"

"இல்ல கண்ணு. எல்லாம் முடிஞ்சிருச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

விதுஷா பையைக் கழற்றிச் சுவரோரம் ஈரம்படாமல் வைத்தாள். பிறகு கம்சலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அம்மா" என்று அலறினாள்.