நாங்கள் சுட்ட எண்பத்தெட்டு

அடிபட்டு எரிந்துபோன டேங்க் மறுபடி கராஜுக்கு வருமா?

என் மகள் அம்மு கேட்டது. முதல் வகுப்பில் படிக்கிறாள். கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. வராது என்றால் அழுவாள், வரும் என்றால் பொய். அன்றைக்கு நான் “முதல்ல பாலைக் குடி” என்று சொல்லித் தப்பித்தேன். அதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவள் கேட்டது விளையாட்டில் வரும் டேங்கைப் பற்றி அல்ல. பட்டாளத்தில் டேங்க் படையில் இருக்கும் அவள் மாமனின், அதாவது என் அண்ணனின் டேங்கைப் பற்றி.

எல்லாம் போனில் ஓடிய ஒரு வீடியோவால் வந்தது. யாரோ கம்ப்யூட்டரில் டேங்க் சண்டை விளையாடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்; அதில் எரிந்த டேங்க் அடுத்த ஆட்டத்துக்குக் கராஜில் முழுசாக நிற்கும். சமையலறையில் நின்ற எனக்கு அந்த வெடிச்சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது: எண்பத்தெட்டு மில்லிமீட்டர். உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் டைகர் டேங்கில் வைத்த பீரங்கி. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தினமும் குழம்புகிறவள் நான். இந்தச் சத்தத்தை மட்டும் தவறவிடவில்லை.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் எண்பத்தெட்டின் குண்டு அதிகம் தாழாமல் நேராகப் போகும். தூரத்துக் குன்றில் கடுகளவு தெரிகிற டேங்கைக்கூட முன்தகட்டிலேயே துளைக்கும். ஆனால் பீரங்கியைத் தாங்கும் டைகரின் தலை திரும்புவது பழைய ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி மெதுவாக. அடுத்த குண்டு நிரப்பவும் நேரமெடுக்கும். முதல் குண்டு தவறினால், எதிரி சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்கு ஆகாதது அந்தக் காத்திருப்பு. இன்னும் கொஞ்சம் மேலே வைத்து அடித்திருக்கலாமோ, பொறுத்திருக்கலாமோ என்று அதற்குள் நான் பாதி உயிராகிவிடுவேன்.

ஆமாம், சுட்டது நான்தான். கேரள எல்லை ஊரான பனச்சமூட்டில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதனால் ஒரு டேங்கை இரண்டு பேராக ஆடினோம். கீபோர்டில் அண்ணன் ஓட்டுவான், மவுஸில் நான் குறி பார்ப்பேன். நான் நெய்யாற்றின்கரையில் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அமரவிளை செக்போஸ்டில் வரிசையாக நிற்கும் லாரிகளை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, எதை எங்கே அடித்தால் துளைக்கும் என்று யோசித்துக்கொண்டு போவேன். பக்கத்தில் இருந்தவர்கள், பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

“எட்டி, நீ யோசிச்சு முடியதுக்குள்ள அவன் நம்மள பொரிச்சு தின்னுருவான். அடி!” என்பான் அண்ணன்.

அடிப்பேன். எதிரி டேங்க் எரியும். இருவரும் கைதட்டுவோம். அந்தப் பீரங்கியோடு ஜெர்மன்காரர்கள் போன இடங்களில் என்ன செய்தார்கள் என்று பள்ளியில் படித்திருந்தோம். படித்ததையும் ஆடியதையும் ஒருநாள்கூடச் சேர்த்துப் பார்த்ததில்லை.

பெரிய எதிரி கரண்டுதான். எங்கள் வீட்டு முன்னால் உள்ள ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. இங்கே கரண்ட் போனால் அங்கே இருக்கும். எதிர்ப்பக்கம் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தியின் வீடு. சண்டை நடக்கும்போது கரண்ட் போனால் அண்ணன் மானிட்டரைத் தூக்குவான், நான் சிபியுவைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து இடுப்பில் வைத்துக்கொள்வேன். மாநிலம் கடந்து ஓடுவோம். ஒருநாள் வெள்ளறடை பஸ் எங்களுக்காக நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, “கொச்சுக்கு என்ன, பனியா?” என்று கேட்டார்; என் இடுப்பில் இருப்பது காய்ச்சல் கண்ட குழந்தை என்று நினைத்துவிட்டார்.

சித்தி வீட்டுத் திண்ணையெங்கும் ரப்பர் ஷீட் தொங்கும். அந்தப் புளித்த வாசனையும் சூடான கம்ப்யூட்டர் தூசியின் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு இன்றைக்கும் யுத்தத்தின் வாசனை.

“கேரளாக்காரங்களுக்க யுத்தத்துக்கு தமிழ்நாட்டுக் கரண்டாக்கும்!” என்று சித்தி கத்துவாள். கத்திக்கொண்டே பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து வைப்பாள்.

வயரெல்லாம் மாட்டித் திறக்கும்போது சண்டை முடிந்திருக்கும். ஆளில்லாமல் நின்ற எங்கள் டைகரை, நெட்டில் எங்கிருந்தோ ஆடும் யாராவது எரித்திருப்பார்கள். ஆனாலும் கராஜில் அது புத்தம்புதிதாக நிற்கும். “பாத்தியா, ஒண்ணும் ஆகேல்ல” என்பான் அண்ணன்.

பிறகு அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். நான் கல்யாணமாகிப் பாறசாலைக்கு வந்தேன். இப்போது ஒரு நிஜ டேங்கில் குறி பார்த்துச் சுடும் கன்னர் அவன்தான். எங்கே நிற்கிறான் என்று சொல்ல மாட்டான். செய்தியில் எல்லை என்ற சொல் வந்தாலே நான் டிவியை அணைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். நான் தடுப்பதற்குள் அம்மு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மாமா, மாமாக்க டேங்குக்கு அடி பட்டா பேடிக்காண்டாம், கேட்டியா? அது கராஜுக்கு வந்துரும். ரிப்பேர் செய்தா போதும்.”

நான் பதில் சொல்லாமல் விட்ட இடத்தை அவளே நிரப்பிக்கொண்டு, மாமனைப் பயப்பட வேண்டாம் என்கிறாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அண்ணன் சொன்னது எனக்கும் கேட்டது.

“செரி மக்கா,” என்றான். “வந்துரும். மாமன் நல்லா ரிப்பேர் செய்வேன்.”

போனை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். “என்னத்துக்கு அண்ணா பொய் சொன்ன? நாளைக்கு அவளுக்கு வெவரம் தெரியும்போ என்ன செய்ய?”

“நீ ஒண்ணும் திருத்தாண்டாம்,” என்றான். “போன் எடுத்தா அம்மா அழுவா. எனக்க வீட்டுக்காரி அழுவா. நீ அழாத மாதிரி நடிப்ப. பேடிக்காண்டாம்னு எனக்கிட்ட சொல்லதுக்கு இவ ஒருத்திதான் உண்டு.”

போனை அம்முவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சித்தி வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் டயர் கடை இருக்கிறது. கம்ப்யூட்டர் பழைய சாமான் எடுக்கும் ஆக்கிரிக் கடைக்குப் போய்விட்டது. எங்கள் கணக்கின் பாஸ்வேர்டு இருவருக்கும் மறந்துவிட்டது. விளையாட்டில்கூட எண்பத்தெட்டுக்குப் பழைய மதிப்பில்லை. புதிய டேங்குகளின் முன்தகட்டில் அதன் குண்டு பட்டுத் தெறிப்பதை அம்முவின் வீடியோவில் பார்த்தேன். பார்த்தபோது, எரியும் டேங்கைப் பார்த்துக் கைதட்ட இனி என்னால் முடியாது என்றும் தெரிந்தது. உள்ளே எத்தனை பேர் என்றுதான் மனசு போகிறது.

அடுத்த மாதம் அண்ணன் லீவில் வருகிறான். அந்த விளையாட்டை லேப்டாப்பில் ஏற்றி வைக்கச் சொல்லியிருக்கிறான். அவன் ஓட்டுவானாம், அம்மு சுடுவாளாம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களைச் சேர்ந்து ஆட விடலாமா? அவன் வருவதற்கு முன்பே அவளிடம் உண்மையைச் சொல்வதா, அல்லது அவன் திரும்பிப் போகும்வரை பொறுப்பதா? சொன்னபின் அவளும் எங்களைப் போல போனில் அழத் தொடங்கினால், அவனுக்கு யார் இருக்கிறார்கள்? பட்டாளத்துக்கு ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் குழந்தை வளர்ப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.