ஏகாதசியன்று போட்ட மாத்திரை

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் திருச்சிக்குப் போய், ஒரு பல்கலைக்கழக விடுதியில் இந்த வயதிலும் சமைக்கிறேன். ஒருநாள் மாணவர்கள், பேராசிரியர்கள், எங்களைப் போன்ற வேலைக்காரர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் கூட்டத்தை நடத்திய டாக்டரம்மா.

அத்தனை பேர் முன்னால் நோயைச் சொல்வதா?

"எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

அன்று ஏகாதசி. பட்டினி கிடந்தாலும் சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வேர்த்து, கண் இருட்டியது. டாக்டரம்மா சர்க்கரைத் தண்ணீரை நீட்டினார். சர்க்கரை நோய்க்காரிக்குச் சர்க்கரையா!

"விரதங்க, வேணாம். சர்க்கரைக்கு மாத்திரை வேற போட்டிருக்கேன்."

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு, குடிங்க. வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்மா."

குடித்தேன், பிழைத்தேன். ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து என்பது இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அப்படிப்பட்ட ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் கை தூக்குவது நான்தான். புரியும்வரை டாக்டரம்மாவை விடுவதில்லை.