இலையோரத்தில் ஒரு கல் உப்பு

புதுச்சேரியிலிருந்து வந்த அந்தச் சமையல்காரர், பாட்டிலைக் காதருகே வைத்துக் குலுக்கிக் கேட்ட பிறகுதான் ஊற்றுவார். ஒல்லியான ஆள், புருவத்தில் தழும்பு. பாட்டிலில் ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு நல்லெண்ணெய், அரைத்த கடுகு, மிளகு.

2005 கோடை. மரக்காணத்தில் எங்கள் உப்பள முதலாளி ரத்தக்கொதிப்பு ஏறி வரப்பில் மயங்கி விழுந்ததால், டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார்; அதற்காக வைத்த சமையல்காரர்தான் இவர். அங்கே மேஸ்திரியாக இருந்த நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன்.

"உப்பளத்துக்காரன் இலையில உப்பு வைக்கலையா? யாருகிட்ட விளையாடுற?" முதலாளி இலையைத் தள்ளினார்.

சமையல்காரர் உள்ளே போய், ஒரே ஒரு கல் உப்பைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தார்.

"சாங்கியத்துக்கு வச்சிருக்கேன். தொட்டீங்கன்னா நாளையிலேர்ந்து நான் வரலீங்க."

பிறகு வெள்ளரி, கேரட் மேல் பாட்டிலைச் சாய்த்தார். "புளிப்பும் காரமும் இருந்தா நாக்கு உப்பு கேக்காதுங்க. எண்ணெய் சேர்ந்தாத்தான் கேரட்டு சத்து ஒடம்புல ஒட்டும். வறுத்த மீனுக்கும் இதையே ஊத்தலாம்."

முதலாளி மென்றார். ஒருமுறை அவர் விரல் அந்தக் கல்லை நோக்கிப் போனது. சமையல்காரர் காதருகே பாட்டிலைக் குலுக்கினார். விரல் வெள்ளரிக்குத் திரும்பியது.

இலையை எடுக்கும்போது சமையல்காரர் அந்தக் கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"நாளைக்கும் இதே கல்லுதான். உப்பு டப்பாவத் தொறந்தா என் கை சும்மா இருக்காதுங்க. எனக்கும் அதே டாக்டர்தான்."

வெளியே கண்ணுக்கெட்டியவரை உப்பு குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்து போனார்.