எல்லாருக்குமாங்க?

யாராவது ஒரு கூட்டத்தையே சேர்த்துத் திட்டினால் "எல்லாருமா?" என்று கேளுங்கள் என ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இன்று யோங் பெங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எங்கள் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி, சொன்னார்: "நம்ம பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு தொறக்க வேணாம்னு தொரைகிட்ட சொல்லிட்டேன், வாத்தியாரே. பால்மரம் வெட்டுறவங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது."

என்னோடு வந்த மாணவி அஞ்சலை கேட்டாள்: "எல்லாருக்குமாங்க?"

"உன்னயச் சொல்லல புள்ள. நீ கெட்டிக்காரி."

"முனியன்?"

"அவன் கணக்குல புலி."

"பாப்பாத்தி?"

"அது வேற மாதிரி."

இப்படியே என் வகுப்பு முழுவதும் வேற மாதிரி ஆகிவிட்டது.

இறங்கும்போது கிராணி, "இருந்தாலும் பொதுவா ஏறாது" என்றார்.

அந்தப் 'பொதுவா' யார் வீட்டுப் பிள்ளை? என் வகுப்பில் அப்படி யாரும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.