மூங்கில் தோகைக்காரர்

கொல்லிமலையில் அடிபட்ட மயில்களுக்குக் கூண்டு கட்ட என்னை அனுப்பியிருந்தார்கள். மயில்களைப் பார்த்துக்கொண்ட வனக்காவலர் குள்ளமானவர். மீசை மட்டும் பெரியது. நான் கம்பம் நட்டதும், தோகை நீளத்துக்கு வெட்டிய மூங்கிலை இடுப்பின் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்து சுற்றினார். மூங்கில் கம்பத்தில் மோதியது.

"ஏனுங்க சார், இது மயிலுக்கா, கோழிக்கா? திரும்பறப்ப இடிச்சா தோகை ஒடிஞ்சிருமுங்க. நீங்களே கட்டிச் சுத்திப் பாருங்க."

சுற்றினேன். இரண்டு கம்பத்தில் இடித்து, கீழே விழப் பார்த்தேன்.

"உங்க தோகை போச்சுங்க சார்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கூண்டை இரண்டு மடங்காக்கி, மழைக்கு ஒதுங்க ஒரு பக்கம் கூரையும் போட்டேன். ஆண்மயில் தோகை விரித்து முழுச்சுற்று வந்தது, எங்கும் இடிக்கவில்லை. அவர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

இன்றும் சின்ன அறை எதில் நுழைந்தாலும், என் முதுகுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.