அம்மா படுக்கையிலிருந்து கட்டியது

மன்னாரில் பிறந்து பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் கண்மூடிய எங்கள் அம்மா இறைவனிடம் சென்று ஓராண்டாகிறது. போர், இடப்பெயர்வு, பாரிஸ் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்த வருடங்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. மகள் நான் எழுத வந்தது எங்கள் முன்னறையில் நின்ற மரச் சாமானைப் பற்றி.

தெருவோரத்தில் சனம் எறிந்த கதிரைக் கால், மேசையிலிருந்து இழுக்கும் லாச்சி, தொட்டில் சட்டம் என்று எதையாவது அம்மா தூக்கி வருவார். ஒன்றோடொன்று பொருத்துவார். அது கூரையைத் தொடும் மட்டும் வளர்ந்தது. பின்னேர வெயில் பட்டால் சுவரெல்லாம் நிழல்கள் மெல்ல நகரும். "இது என்ன மச்சாள்?" என்று மாமி கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, நிக்குது" என்றார். என்னைப் பெண்பார்க்க வந்த அன்று அதைப் போர்வையால் மூடினேன். வந்தவர்கள் பெரிய குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

அம்மா நோயுற்று, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வரவிருந்தபோது கட்டில் போட இடமில்லை. அதைக் கழற்றி நடைபாதையில் வைத்துவிட்டேன். இதை இன்றுதான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். அம்மாவிடம், "கீழே நிலவறையிலை பத்திரமா இருக்கு" என்று பொய் சொன்னேன்.

"ஓம் பிள்ளை" என்றார்.

மறுநாளே கண்ணை மூடியபடி கட்டத் தொடங்கிவிட்டார். "லாச்சியைக் கொஞ்சம் சரிச்சு வை. காத்துப் போக இடம் விடு." "வைச்சிட்டன் அம்மா" என்பேன். பொய் பிடிபடுமோ என்ற பயத்தில் உடனே பேச்சை மாற்றுவேன். பார்க்க வந்த நீங்களோ இதைக் கேட்டுவிட்டு, அடுத்த முறை பழத்தோடு மரமும் கொண்டு வந்தீர்கள். மாமி உடைந்த இடியப்ப உரல் தந்தார். புறநகர் எபினேயிலிருந்து சித்தப்பா பாதிக் கதவொன்றை ரயிலில் சுமந்து வந்தார். அம்மா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து இடம் சொல்ல, நான் கீழே கொண்டுபோய்க் குவித்தேன். ஒருநாள் மனம் கேளாமல் அவர் சொன்னபடியே பொருத்தத் தொடங்கினேன்.

"கதவு சரியுதம்மா."

"அடியிலை பாரமானதை வை."

சில நாள்களில் எது பொய், எது உண்மை என்றே எனக்கு மறந்துபோகும். இருவரும் ஒரே கனவுக்குள் இருந்தோம். கடைசி வாரத்தில், "இனிக் காணும், இவ்வளவும் போதும்" என்றார்.

சாப்பாடு அனுப்பியவர்களுக்கும், செபித்தவர்களுக்கும், மரம் தந்தவர்களுக்கும் நன்றி. கீழ்வீட்டு அண்ணைக்குத் தனியாக. வைத்தியசாலையிலிருந்து வந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுவந்தவர் அவர்தான். அடக்கம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, அண்டைக்கு எல்லாம் வெளியிலை கிடந்ததை அம்மா கண்டவ. 'பிள்ளையிட்டைச் சொல்லாதேங்கோ, பாவம், பயந்து போயிருப்பாள்' எண்டவ."

அழுதுகொண்டே இருந்திருக்க வேண்டிய என்னை, அத்தனை நாளும் அம்மா வேலை வாங்கியிருக்கிறார்.